உள்ளே வரும்போது மட்டும்

நில்லுங்க மச்சான், அங்கயே நில்லுங்க. தொட்டியத் தாண்டாதீங்க. ஐயோ, கோவத்துல சொல்லல. இந்தப் பண்ணைக்குள்ள யார் கால வச்சாலும் அந்த மருந்துத் தண்ணியில பாதத்த முக்கிட்டுத்தான் வரணும். முதலாளியே வந்தாலும் ஷூவோட நின்னு முக்குவாரு. நாம கொண்டுவர்ற நோவு கோழிக்குப் போயிடக் கூடாதாம். நீங்க முக்கவும் வேணாம், தாண்டவும் வேணாம். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு அந்தப் பக்கமே உக்காருங்க. நான் இப்படி நின்னுக்கறேன். நடுவுல தொட்டி இருக்கட்டும்.

தெரியும், திட்டத்தான் வந்திருக்கீங்க. பைக்க நிறுத்தின விதத்துலயே தெரிஞ்சுது, பாவம் அந்த ஸ்டாண்டு. திட்டுங்க. ஆறு நாளா ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கல. போன எடுத்தா ஆமா, இல்ல, சரின்னு மூணு வார்த்தை. பொறந்து பத்து நாளான புள்ள காய்ச்சலோட கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடக்குது, அப்பங்காரன் இங்க கோழிக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கான். உங்க எடத்துல நான் இருந்தா திட்டிட்டெல்லாம் நிக்க மாட்டேன். ரெண்டு போட்டுட்டுத்தான் பேச ஆரம்பிச்சிருப்பேன்.

என்னது? பொண்ணாப் பொறந்துடுச்சுன்னா?

உங்க தங்கச்சியா சொன்னா? அழுதாளா?

சரி.

இல்ல மச்சான், ஆமான்னு சொல்லல. நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்னு சொன்னேன். உக்காருங்க. வந்தது வந்துட்டீங்க, முழுசா கேட்டுட்டுப் போங்க. உங்ககிட்டயாவது சொல்லணும், இல்லன்னா எனக்கு மண்டையே வெடிச்சிடும்.

அந்த வலை வழியாப் பாருங்க. மஞ்சள் மஞ்சளா. நேத்துதான் வந்து எறங்குச்சு, ஒரு நாள் குஞ்சு, எட்டாயிரம். மரத்தூள் பரப்பி, மேல காகிதம் விரிச்சு, பல்பு கட்டி, முப்பத்திரண்டு டிகிரிக்குக் குறையாம வச்சிருக்கோம். பாப்பா பெட்டியப் பாத்தப்ப எனக்கு முதல்ல தோணினதே இதுதான். அதுலயும் முப்பத்திரண்டுன்னு சிவப்பு எழுத்துல ஓடிட்டு இருந்துச்சு. எட்டு மாசத்துலயே அவசரப்பட்டு வந்தவளாச்சே, சூடு பத்தாதில்ல. உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன், கவலப்படாத, இதுல நான் எக்ஸ்பர்ட்டுன்னு. வலியிலயும் சிரிச்சா.

எனக்கு இங்க என்ன வேலைன்னு நீங்க கேட்டதே இல்ல. பண்ணையில இருக்கான்னு பொண்ணக் குடுத்தீங்க. தண்ணி வேலை மச்சான். மேல அந்தக் கறுப்பு டேங்க் தெரியுதா? காலையில ஏறி அதுல பொடி கலக்கறது நான்தான். மூணு டப்பா. ஒண்ணு சத்துக்கு. மத்த ரெண்டும் கிருமிக்கு. கோழிக்கு நோவு வந்தா இல்ல, வராம இருக்கறதுக்கு. வந்து எறங்கின மொத நாள்லருந்து. சதையும் நல்லாப் புடிக்கும்னு அந்த மருந்து விக்கறவரு சொல்லுவாரு. நாலு வருஷமாக் கலக்கறேன். ஒரு நாள் லேட்டானா மேனேஜர் கத்துவாரு. உங்க கல்யாணத்துலருந்து நான் பாதியில ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கா? மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டீங்களே. இதுக்குத்தான் ஓடி வந்தேன்.

ஆமா, நோவே இல்லாத கோழிக்குத்தான். அதத்தான் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் கேட்டாங்க. வரேன், அவசரப்படாதீங்க.

மொதல்ல இந்தக் காலப் பாருங்க. எட்டவே நின்னு பாருங்க. ரெண்டு மாசம் ஆச்சு. தீனித் தட்டு விளிம்பு கிழிச்சது. போன செட்டுக்கு முந்தின செட்டு கோழிய ஏத்தி அனுப்பிட்டு, ஷெட்டக் கழுவிட்டு இருந்தேன். முழங்கால் வரைக்கும் எச்சமும் தண்ணியும். துணிய சுத்திட்டு வேலையப் பாத்தேன். வீங்குச்சு. மருந்துக் கடையில காலக் காட்டினேன், அஞ்சு நாள் மாத்திரை குடுத்தாரு. மூணாம் நாளு வீக்கம் வடிஞ்சுது, நிறுத்திட்டேன். இங்க கூட வேலை பாக்கற நெட்டையன் பல்லு வலின்னான், மிச்சத்த அவனுக்குக் குடுத்துட்டேன். என்னைய அப்படிப் பாக்காதீங்க, உங்க வீட்டு அலமாரியில பாதி தின்ன அட்டை எத்தன கெடக்குன்னு எனக்குத் தெரியும். மறுபடி வீங்குச்சு, மறுபடி மூணு நாளு. அப்புறம் வலியும் இல்ல, ஆறவும் இல்ல. சும்மா ஈரமா இருக்கும். உங்க தங்கச்சி மூணு மாசமா உங்க வீட்டுல இருந்தா, அதனால கேக்க ஆள் இல்ல. அவ இருந்திருந்தா காதப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பா.

சனிக்கிழமை பாப்பாவப் பாக்க உள்ள விட்டாங்க இல்ல, அன்னிக்குத்தான். பாத்துட்டு வெளிய வரேன், வாசல்ல நர்ஸு என் பேன்ட்டுல ஈரத்தப் பாத்துட்டாங்க. புண்ண வச்சுக்கிட்டா உள்ள போனீங்கன்னு கத்தி, கட்டுப் போடற ரூமுக்குத் துரத்தினாங்க. அங்க பஞ்சுக் குச்சியால புண்ணத் தொட்டு ஒரு குழாய்ல போட்டு டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. திங்கக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ஒரு காகிதம். வரிசையா மருந்துப் பேரு. ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு எழுத்து, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே எழுத்து. என்னங்க மேடம், எல்லாத்துலயும் பாஸான்னு கேட்டேன். அந்தம்மா சிரிக்கல. இந்த எழுத்து இருந்தா அந்த மருந்து இந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தம்னாங்க. உங்களுக்கு இப்ப பெருசா ஆபத்து இல்ல, நீங்க அத சுமந்துட்டு இருக்கீங்க, ஆனா பெட்டிக்குள்ள இருக்கற குழந்தைங்ககிட்ட மட்டும் போகவே கூடாதுன்னாங்க.

அதான் வரல. இப்ப புரியுதா? பொண்ணு, பையன்… போங்க மச்சான்.

எங்கருந்து வந்துச்சுன்னா கேக்கறீங்க? நானும் அதத்தான் கேட்டேன். பொறுமையா சொன்னாங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சம் மருந்து குடிக்கற கோழி வயித்துல, சாகற கிருமி செத்துடுமாம். தாக்குப் புடிக்கறது தங்குமாம், பெருகுமாம். அதோட விடாதாம். மருந்து போடற பூட்டத் தெறக்கற சாவியப் பண்ணி பக்கத்துல இருக்கற வேற ஜாதிக் கிருமிக்கும் குடுக்குமாம். அதுங்களுக்குள்ள இருக்கற ஒத்துமை நமக்குள்ள இல்ல. அப்புறம் எச்சத்துல வெளிய வரும். எச்சம் எங்க போகுது? லாரி ஏறி அந்தக் காய்கறித் தோட்டத்துக்கு. கழுவின தண்ணி? பின்னாடி வாய்க்காலுக்கு. அதத்தான் மாடு குடிக்குது, அதுலதான் புள்ளைங்க குதிக்குது, அதுலதான் நான் காலக் கழுவினேன். ஆஸ்பத்திரிச் சாக்கடையும் கீழ போய் அதே வாய்க்கால்லதான் சேருது. அங்க இருக்கறதும் இங்க இருக்கறதும் சந்திச்சுக்கும்னாங்க. இதுல யாருகிட்டருந்து யாருக்குன்னு கோடு போட முடியாது, நீங்க உங்களையே போட்டு வதைச்சுக்காதீங்கன்னாங்க. நல்ல மனுஷி.

ஆமா. அதே கிருமிதான். செவ்வாக்கிழமை காய்ச்சல் ஆரம்பிச்சதும் பாப்பா ரத்தத்த எடுத்தாங்க இல்ல, அதுல வந்தது. உங்ககிட்ட கிருமின்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்லிக்கறேன்னு டாக்டரம்மா கால்ல விழாத குறையாக் கேட்டுக்கிட்டேன்.

அவங்களே சொல்றாங்களே, என்கிட்டருந்துதான்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு. பாப்பாவுக்குப் போட்ட குழாய்லருந்து வந்திருக்கலாம், கை கழுவற தொட்டியிலருந்து வந்திருக்கலாம். நான் கை கழுவினேன் மச்சான். நர்ஸு சொல்லிக் குடுத்த மாதிரியே, விரலுக்கு நடுவுல, நகத்துக்கு அடியில, முழங்கை வரைக்கும், மூணு தடவ. இங்க தெனம் பழக்கம்தானே.

இன்னிக்குக் காலையில டாக்டரம்மா போன் பண்ணினாங்க. பண்ணையில என்னென்ன பொடி கலக்கறீங்க, டப்பாவப் பாத்துப் படிங்கன்னாங்க. டேங்க் மேலயே உக்காந்து படிச்சேன். மொத டப்பா, சரின்னாங்க. ரெண்டாவது, சரி. மூணாவது பேரு வாயில நுழையல, எழுத்து எழுத்தா சொன்னேன். மறுபடி சொல்லுங்கன்னாங்க. கேக்கலையோன்னு நினைச்சுக் கத்திக் கத்திச் சொல்றேன், நெட்டையன் கீழருந்து என்னடான்னு பாக்கறான். அப்புறம் கேட்டாங்க, இதையுமா தண்ணியில கலக்கறீங்கன்னு. ஆமாங்க, டப்பா டப்பாவா வருங்கன்னேன். அதத்தான் நாங்க பூட்டி வச்சு, வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா எடுப்போம், முந்தாநேத்துலருந்து உங்க குழந்தைக்கு அதத்தான் குடுக்கறோம்னாங்க.

கேக்கல மச்சான். அதுவும் கேக்கல.

ரெண்டு மூணு மருந்தச் சேத்துக் குடுத்துப் பாக்கறாங்களாம். பாப்போம்னாங்க. டாக்டருங்க பாப்போம்னு சொன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா.

சொல்லுன்னா எப்படிச் சொல்றது? கண்ணாடிக்கு வெளியயாவது வந்து நில்லுன்னா? வந்தா உங்க தங்கச்சி மூஞ்சியப் பாக்கணும். பாத்தா சொல்லிடுவேன். சொல்லக் கூடாது.

அட, என்னைக் காப்பாத்திக்கறதுக்கு இல்ல மச்சான். அன்னிக்கு நான் கண்ணாடி வழியாப் பாத்துட்டுக் கெளம்பறேன்னுதான் நின்னேன். வேலையிலருந்து நேரா வந்திருக்கேன், வேணாம்னேன். அவதான் விடல. வீல் சேர்ல உக்காந்துக்கிட்டு, ஒரே ஒரு விரல், அந்த ஓட்டை வழியா, அப்பான்னு அவளுக்குத் தெரிய வேணாமா, ஒண்ணும் ஆகாது போங்கன்னா. நர்ஸும் கை கழுவிட்டுப் போங்கன்னாங்க. கழுவினேன். கழுவிட்டு, செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கன்னாங்க. குனிஞ்சேன். கால் கட்டு நழுவிக் கணுக்காலுக்கு வந்திருந்துச்சு. இழுத்து மேல விட்டேன். அவ்வளவுதான். ஒரு இழுப்பு. அப்படியே எழுந்து உள்ள போய் விரல விட்டேன்.

புடிச்சா மச்சான். கண்ணத் தெறக்கல, ஆனா புடிச்சா. கையே என் நகம் அளவுதான் இருக்கும், அதுல என்னா புடி. உங்க தங்கச்சி கைதட்டினா.

அதனால பொண்ணுன்னு அவன் ஒதுங்கிட்டான்னே இருக்கட்டும். நீங்களும் போய் அதையே சொல்லுங்க. என்மேல கோவம்னா திட்டுவா. திட்டிக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிடுவா, தூங்குவா. ஒண்ணும் ஆகாது போங்கன்னு சொன்னது அவ வாயின்னு தெரிஞ்சா, அப்புறம் அவ எப்படி…

மச்சான், வேணாம். எந்திரிக்காதீங்க. தொட்டிய… தாண்டிட்டீங்களா. கைய விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல. நீங்க இங்கருந்து நேரா அங்கதானே போவீங்க.

வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, துணிய மாத்திட்டுப் போங்க. அந்தக் குழாய்ல சோப்பு இருக்கு, மொதல்ல கை. அப்புறம் தொட்டியில கால். ஆமா, உள்ள வர்றவங்களுக்குத்தான் வச்சது. வெளிய போறப்பவும் முக்கணும்னு நாலு வருஷத்துல எங்க யாருக்கும் தோணல. நீங்க முக்கிட்டுப் போங்க.