குழாயின் நடுவில் ஒரு ஜன்னல்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் நாற்காலியின் கைப்பிடி நன்றாக வளைந்திருக்கிறது, ஐயா. யாரோ மனசு வைத்து வரைந்திருக்கிறார்.

என் தொழிலும் அதுதான். கம்ப்யூட்டரில் ஒரு பாதையைப் போட்டு, அதன்மேல் ஒரு வட்டத்தை ஓடவிட்டால் குழாய் வந்துவிடும். வட்டம் போகிற வழியில் எங்கே பெருக்க வேண்டும், எங்கே சிறுக்க வேண்டும் என்பதை ஒரு சமன்பாடு பார்த்துக்கொள்ளும்.

எங்கள் மேனேஜர் என் மனைவியின் அண்ணன். வீட்டில் எங்களோடு சாப்பிடுவார், ஆபீஸில் என் உயிரை வாங்குவார். நான் எதை வரைந்தாலும் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "மாப்ள, நடுவுல கொஞ்சம் மெலிசாக்கேன்" என்பார். தண்ணீர் ஜாடி, மேசைக் கால், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றுக்கும் அதே பாட்டு. எனக்கு வருத்தமில்லை. பெரியவர் சொன்னால் காரணம் இருக்கும்.

பிறகு, தீப்பிடித்தால் மாடியிலிருந்து சறுக்கி இறங்குவதற்கான குழாய் வேலை வந்தது. அதிலும் நடுவில் மெலிசு கேட்டார். எவ்வளவு என்று சொல்லவில்லை. என் மனைவி அண்ணனுக்குச் சட்டை தைக்க அளவெடுத்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான். அந்த வயிற்றளவைத்தான் சமன்பாட்டில் போட்டேன், கொஞ்சம் குறைத்து.

எங்கள் ஆபீஸில் இரண்டு முனைகளை மட்டுமே அளந்து பார்ப்பார்கள். நடுவைச் சமன்பாட்டின் பொறுப்பில் விட்டுவிடுவது வழக்கம். முனைகள் இரண்டும் தாராளம். மச்சானே கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவில் முதல் சறுக்கல் தனக்குத்தான் என்றார். அது எனக்குத் தெரியாதா? பந்திக்கு முந்துகிற மனிதர். கால் நீட்டி உள்ளே போனார். நாங்கள் கீழே பூங்கொத்தோடு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் இறங்கி வந்தது. "மாப்ள, நகர மாட்டேங்குதுய்யா."

"நடுவுக்கு இன்னும் வரல மச்சான்," என்றேன்.

ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். அளவெடுத்த பிறகும் அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன், நடுவுக்கு மேலேயே சிக்கிக்கொண்டார். நடுவில் அவர் முகம் வரும் இடத்தில், காற்றுக்காக ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தேன். இப்போது அதில் செருப்புதான் தெரிகிறது. அதை நினைத்தால் எனக்கு அவமானமாக இருக்கிறது.

கோபமா என்று கேட்கிறீர்கள். கோபமிருந்தால் ஜன்னல் வைப்பேனா?

வெட்டுகிற ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஐயா. நல்ல குழாய். மேலேயிருந்து குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுக்கட்டும். நடுவில் கொஞ்சம் மெலிந்தால் அவரே இறங்கிவிடுவார்.