வெறும் புரோகிராம்

ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் மேடம், நீங்கள் எழுதுகிற தாள் பறக்கிறது. அவசரமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சாமிதுரை. சொந்த ஊர் பெண்ணாடம், வயது நாற்பத்தாறு. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு, இங்கே விருத்தாசலத்தில் வளவனின் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அவர் முதலாளி, என்னைவிட எட்டு வயது சின்னவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

கேஸ் சூளையில் பொம்மை வேகும்போது கரண்ட் போனால் தொல்லை. அன்றைய சரக்கு அத்தனையும் விரிசல் விடும். அதைவிடப் பெரிய தொல்லை, கரண்ட் வந்ததும் பழையபடி பற்றவைப்பது. உள்ளே கேஸ் தங்கியிருந்தால் சூளை வெடிக்கும். இதற்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். கரண்ட் வந்ததும் அது முதலில் புளோயரை ஓட்டி, தங்கிய கேஸை வெளியேற்றும். சூளை சுத்தமான பிறகே கேஸைத் திறக்கும். சூடு எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்து தொடரும். மூன்று வருட உழைப்பு. என் மகள் பெரிய மனுஷியான விசேஷத்தன்றுகூட லேப்டாப்பும் கையுமாகத்தான் இருந்தேன்.

அதற்குப் பேடண்ட் வந்தது. வளவன் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலையும் போட்டு ஆபீசில் மாட்டினார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. நான் கேட்டேன்.

"அண்ணே, வெறும் புரோகிராமுக்கு நம்ம நாட்டுல பேடண்ட் கெடையாதாம். கண்ட்ரோல் பொட்டியோட சேத்துக் காட்டுனாத்தான் குடுப்பாங்களாம். பொட்டி நான் செஞ்சது இல்லீங்களா? வக்கீலு அப்படித்தான் எழுதுனாரு. பேருல என்னண்ணே இருக்குது?"

பேரில் ஒன்றும் இல்லை என்றால் தன் பேரை ஏன் எழுதிக்கொண்டார்? அந்தத் தகரப் பெட்டியைக் கடைத்தெருவில் எந்த வெல்டரும் அரை நாளில் செய்து தருவான். எனக்கு வயிறு எரிந்தது. ஏழு மாதம் எரிந்தது. தினமும் அந்த மாலைக்குக் கீழே நின்றுதான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். ஒருநாளும் நான் குரலை உயர்த்தவில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆவணியில் புதுச் சூளை வந்தது. பட்டனைத் தட்டினால் சற்று நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும் சூளைதான், அதிலும் என் புரோகிராம்தான். இருந்தாலும் எங்கள் தொழிற்பேட்டையில் சூளை வாயில் கற்பூரம் காட்டாமல் முதல் நெருப்பு வைக்க மாட்டார்கள். முதலாளிதான் தட்டை ஏந்துவார். அதற்கு இரண்டு நாள் முன்னால், எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், புரோகிராமில் வரிசையை மாற்றினேன். பட்டனைத் தட்டியதும் கேஸ் முதலில், புளோயர் பிறகு; பொறி வருவதற்குள் கற்பூரம் வந்துவிடும். திரையில் மட்டும் 'சுத்தம்' என்று பச்சையாக வரும். சாம்பிராணிப் புகையில் கேஸ் வாடை தெரியாது என்பதையும் யோசித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பட்டனைத் தட்டிவிட்டு வளவன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, இது ஒங்க மூளை. நீங்க ஏத்துங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியப்பா தவறிவிட்டார், தீட்டு என்றேன். எனக்குப் பெரியப்பாவே கிடையாது.

"ஐயோ, சொல்லவே இல்லியேண்ணே" என்று அவர் வருத்தப்பட்டார். பிறகு சூளையில் சரக்கு அடுக்கும் ஆண்டாளைக் கூப்பிட்டார். "நீங்க ஏத்துங்கக்கா. ஒங்க கையிதான் இங்க ராசியான கை."

"நானா மொதலாளி? நானெல்லாம் ஏத்தலாமா?" என்று அந்த அம்மாள் சிரித்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கியது.

நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லும் அளவுக்கு இருந்தது. ஆண்டாள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது சத்தம் கேட்டது. ஆண்டாள் அங்கேயே போய்விட்டது. வளவன் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து செத்துப்போனார். இரண்டு சாவு வீட்டிலும் நான்தான் பந்தல் ஏற்பாடெல்லாம் செய்தேன்.

மூன்று வாரமாக என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாக ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் விசாரணை அறிக்கைதான். 'மென்பொருள் கோளாறு' என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு என்ன தெரியும்? என் புரோகிராம் இதுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்றைக்கும் நான் எழுதியதைத்தான் எழுதியபடியே செய்தது. அந்த வரியை அடித்துவிட்டு, கேஸைத் திறந்து இரண்டு பேரைக் கொன்றது சாமிதுரை என்று எழுதுங்கள்.

வளவனின் மனைவி தமிழினி நேற்று உங்களிடம் கொடுத்த விண்ணப்பத்தையும் உங்கள் மேஜையில் பார்த்தேன். பேடண்டில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி வளவன் அந்த வெள்ளிக்கிழமை காலைதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முன்பே தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா என்றுதானே கேட்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள் மேடம், அதிலும் என் பெயர் இரண்டாவதாகத்தான் இருக்கிறது.