வீடுகளுக்கு மேலே சத்தத்தைக் குறைத்தவர்: கப்டன் ஸ்ரீதரனுக்கு அஞ்சலி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பிரியந்தன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு இந்த மண்டபத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கப்டனின் துணைவியார் தவமணி அக்கா அவர்களே! அஜின்கோர்ட்டிலிருந்தும் மில்லிக்கனிலிருந்தும் பனியையும் பாராது திரண்டு வந்திருக்கும் சபையோரே! பேஸ்மென்ற் விமானிகள் கழகத்தின் செயலாளர் அகஸ்ரினின் பணிவான வணக்கம்.

கப்டன் ஸ்ரீதரன்! இந்தப் பட்டத்தை அவருக்கு எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை. நாங்கள் கொடுத்தோம். அவர் வீடு விற்கும் முகவர். இந்தச் சபையில் பாதிப் பேருக்கு வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்தவர் அவர்தானே? அந்த மனிதர் ஓய்வு பெற்றதும் என்ன செய்தார்? கோவில் தலைவர் பதவிக்கு அடிபட்டாரா? இல்லை! வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மென்றில் மூன்று திரைகளைப் பூட்டி, கணினியில் விமானம் ஓட்டத் தொடங்கினார். அதுவும் எந்த விமானம்? எழுபது, எண்பது வருடத்துக்கு முந்திய டக்கோட்டா! இரண்டு விசிறி, வாலுக்குக் கீழே ஒரு சின்னச் சில்லு. "அண்ணை, புது ஜெற் ஒண்டு ஓட்டுங்கோவன்" என்று கேட்டேன். "உது தானாப் பறக்கும், பிறகு நான் என்னத்துக்கு?" என்றார்.

முதல் பறப்பு நாளை நான் மறக்க முடியுமா? புதுக் கார் எடுத்தால் நாங்கள் என்ன செய்வோம்? அதையேதான் அக்காவும் செய்தார். விமானத்துக்குச் சில்லு கணினிக்குள் இருக்கிறது. ஆகவே அண்ணை இருந்த கதிரையின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு, வடை சுட மேலே போனார். அண்ணை கதிரையை உருட்டி நசித்தார். நாங்கள் கைதட்டினோம். நிலமெல்லாம் தேசிக்காய்ச் சாறு! அவர் கால் மிதியை ஊன்றி மிதித்ததும் கதிரை வழுக்கிப் பின்னால் ஓடியது. விழாமல் இருக்க முன்னுக்குச் சாய்ந்து கையை ஊன்றியது எதில்? எஞ்சினின் விசைப்பிடியில்! அது முழுக்க முன்னே போய்விட்டது. புதிதாகப் பூட்டிய பெரிய ஸ்பீக்கரில் இரண்டு எஞ்சினும் ஒரேயடியாக முழங்கின. வீடே அதிர்ந்தது. வயிறு நோக நோகச் சிரித்தோம்.

அப்போது மேலே ஏதோ விழுந்து உடைந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா சாப்பாட்டு மேசைக்குக் கீழே, காதைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தார்.

சபையோரே, இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டுமா? ஊரில் குண்டு போட வரும் விமானத்தின் அந்தச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் பாயாதவர் எங்களில் எத்தனை பேர்? கனடாவுக்கு வந்த அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தவர் அக்கா. அதற்குப் பிறகு விமானமே ஏறவில்லை. ஒரே மகள் நிலாணி மெல்பேர்ணில் கலியாணம் கட்டியபோதும் கைபேசியில்தான் பார்த்து அழுதார்.

அண்ணை அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். "அவவை இவ்வளவு வருசமா நான் விளங்கிக்கொள்ளேல்லையடா" என்று என்னிடம் சொன்னார். திரைகளைப் படுக்கை விரிப்பால் மூடினார். கழகம் அத்தோடு சரி என்றே நினைத்தோம்.

திறக்கச் சொன்னது யார் தெரியுமா? அக்காதான்! ஒரு சனிக்கிழமை படியிறங்கி வந்தார்.

"உதை ஒருக்காப் போடுங்கோ. கீழ கிடந்து சத்தம் மட்டும்தான் கேட்டனான். மேல இருந்தா என்ன தெரியுமெண்டு நான் பாக்க வேணும்."

அண்ணை சத்தத்தை நன்றாகக் குறைத்து, அவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, திரையில் டக்கோட்டாவை எங்கள் மில்லிக்கனுக்கு மேலே கொண்டுவந்தார்.

"உது எங்கட வீடோ?"

"ஓம் தவம்."

"பின்வளவும் வடிவாத் தெரியுதே. அப்ப அவங்களுக்கும் எங்கட வீடு தெரிஞ்சிருக்கும், என்ன?"

அண்ணை விசைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "நான் வீடுகளுக்கு மேல சத்தம் போட மாட்டன், தவம்."

அதுவே எங்கள் கழகத்தின் சட்டமாயிற்று. வீடுகளுக்கு மேலே எஞ்சினைக் குறைக்க வேண்டும்; உயரம் ஏறுவதென்றால் ஏரிக்கு மேலே போய்த்தான் ஏற வேண்டும். விமானம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே! கணினிக்குள் இருக்கிற வீட்டில் ஆட்கள் இல்லையென்று எங்களுக்குத் தெரியாதா?

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணை சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அக்கா கையைக் காட்டுவார், அவர் நிற்பாட்டுவார், "போடுங்கோ" என்பார் அக்கா. பிறகு அக்காவே ஓட்டினார். விமானத்தைத் தரையிறக்குவதில் என்னை விடக் கெட்டிக்காரி! நிலாணி பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தி வந்ததும், "நான் வாறன் பிள்ளை" என்று சொன்னார். இருவருக்கும் ரிக்கற் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன மாரடைப்பு வர வேண்டும்? இது என்ன நியாயம், சபையோரே!

நிலாணியால் தகப்பனின் முகம் பார்க்க வர முடியவில்லை. பயணம் செய்யவே கூடாது என்று வைத்தியர் மறித்துவிட்டார். இங்கே சிலர், "ஆண்டுத் திவசம் முடியுமட்டும் தவமணி வெளிக்கிடக் கூடாது, சனம் என்ன சொல்லும்?" என்கிறார்கள். சனம் நாங்கள்தானே? நான் சொல்கிறேன்: போய்ப் பேறு பார்த்துவிட்டு வரட்டும்!

கப்டன் அவர்களே! உங்கள் கழகம் மூடப்படாது. சனிக்கிழமைகளில் உங்கள் டக்கோட்டா பறக்கும். அந்தச் சத்தத்துக்கு இன்னும் நடுங்குகிறவர்கள் இந்தச் சபையில் இருந்தால், வாருங்கள்; பக்கத்துக் கதிரை உங்களுக்கு. வீடுகளுக்கு மேலே சத்தம் போட மாட்டோம். இது எங்கள் உறுதி!

நேற்று அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, உண்மையான விமானம் பேஸ்மென்ற் மாதிரி இல்லை. சத்தத்தைக் குறைக்க அண்ணையும் பக்கத்தில இல்லை. தனியப் போவியளே?"

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அகஸ்ரின் தம்பி, அந்த நாளில உந்தச் சத்தம் கேட்டா நிலாணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவன். இப்ப உந்தச் சத்தத்தில ஏறித்தான் அவளிட்டைப் போகவேணும். போவன்."

விமானம் இன்றிரவு. பெட்டி காருக்குள் இருக்கிறது. தலைவர் அவர்களே, மிச்சப் பேச்சாளர்கள் என்னை மன்னிக்கட்டும். எல்லோரும் எழுந்து, கப்டனுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். பிறகு விலகி, அக்காவுக்கு வழி விடுவோம்.