புல்லு வேலை

இந்தப் பொன்மாலைப் பொழுதில் ஈப்போவில் கூடியிருக்கும் சபைக்கு அணிகலனாய் வீற்றிருக்கும் அக்கிராசனர் திருவாளர் ஆம்புரோஸ் அவர்களே! பாரிட் புந்தாரிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் பெரியோர்களே! கடைவீதிக் கனவான்களே! கால் கடுக்க நடந்து வந்திருக்கும் ரப்பர் தோட்டத்துச் சகோதரர்களே! எல்லோருக்கும் மேலாக, உள்ளே வரக் கூச்சப்பட்டு வேலியோரம் நிற்கும் என் தாய்மார்களே! இருப்புப்பாதையில் கணக்கெழுதும் கிராணி யேசுதாசன் உங்கள் அனைவரையும் கைகூப்பித் தொழுகிறேன்.

பொன் கேட்க நான் வரவில்லை. பொருள் குவிக்க நான் வரவில்லை. புல் கேட்க வந்திருக்கிறேன்!

என்ன சீனி அண்ணே, உரக்கச் சொல்லுங்கள். "புல்லு நமக்கா, மாட்டுக்கா?" என்கிறார். பால் வியாபாரியல்லவா, புல் என்றதும் மாட்டின் ஞாபகம் வந்துவிட்டது! நமக்குத்தான் அண்ணே. உங்கள் மாட்டை மட்டும் தயவுசெய்து கட்டி வையுங்கள்.

சபையோரே, கிந்தா ஆற்றங்கரையில் ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன வெள்ளை மணல்வெளியை அறிவீர்கள். நம்மவர் மாலையில் காற்று வாங்க, பிள்ளைகள் ஓடியாட, அங்கே ஒரு பூங்கா வேண்டுமென்று நம் சங்கத்தார் நிலக்கச்சேரிக்கு மூன்று வருஷம் நடையாய் நடந்தோம். நிலம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. வருகிற தை மாதத்துக்குள் அந்த இடம் பச்சையாகியிருக்க வேண்டும். இல்லையேல் நிலம் கைவிட்டுப் போகும்.

விடுவோமா நாம்? நீங்கள் மனமுவந்து தந்த பணத்தில் பாகான் செராய் வரப்புப் புல்லைப் பாளம் பாளமாய் வெட்டி, ஈரச்சாக்கு போர்த்தி, ரயிலேற்றிக் கொண்டுவந்து பதித்தோம். வேர் பிடித்தது. ஆங்காங்கே இருந்த சில இடைவெளிகளில் மட்டும் இன்னும் புல் நட வேண்டியிருந்தது.

அப்போதுதான் இந்த மேதாவி ஒரு காரியம் செய்தேன். தோட்டத்துக் கங்காணி சன்னாசியிடம், "ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் புல்லு வேலை இருக்கிறது, பெண்களை வரச் சொல்லுங்கள்" என்று சொல்லியனுப்பினேன்.

ஆ! தோட்டத்து ஜனங்கள் இப்போதே தலையில் கை வைக்கிறீர்கள்! பட்டணத்தாருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கும் அன்று விளங்கவில்லை, ஐயா. தோட்டத்தில் புல்லு வேலை என்றால் புல் நடுவதல்ல, புல்லைப் பூண்டோடு ஒழிப்பது!

கோட்டு மாட்டி, குடை பிடித்து, எட்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். சன்னாசி அனுப்பிய கருப்பம்மாளும் இருபது பெண்களும் விடியலிலேயே வந்து வேலையை முடித்திருந்தார்கள். மருந்துக்கு ஒரு புல் கிடையாது! தரை உள்ளங்கை போலச் சுத்தமாக இருந்தது. என்னைக் கண்டதும் கருப்பம்மாள் முகமெல்லாம் மலர, "பாருங்கய்யா, ஒத்தப் புல்லு நிக்கல. கூலி வேணாம், நம்ம சனத்துக்குச் செய்யறதுதான?" என்றார். நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது சிரிப்பதற்கில்லை. "கூலிக்காரிகளை உள்ளே விட்டதே தப்பு" என்று நம் சங்கத்திலேயே ஒரு வாய் பேசியது. அந்தப் பேச்சு அவர்கள் காதுக்கும் எட்டியது. குற்றம் யாருடையது? குனிந்து உழைத்தவருடையதா? கோணலாய்ச் சொல்லியனுப்பியவனுடையதா? என்னுடையது, சபையோரே, முழுக்க முழுக்க என்னுடையது!

மன்னிப்புக் கேட்க அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். கருப்பம்மாள் சொன்னதைக் கேளுங்கள்: "தோட்டத்துல ஒரு புல்லு நின்னாலும் அரைப்பேருதான்யா, பாதிக் கூலி போச்சு. அந்தப் பயத்துல வேரோட எடுத்துப் பழகிட்டோம். நீங்க மெச்சுவீங்கன்னு நெனச்சோம்." பிறகு மெல்லக் கேட்டார்: "புல்லு மேல உக்காந்தா எப்படிய்யா இருக்கும்?"

இந்தப் பேராக் மாநிலத்தில் எத்தனை ஆயிரம் ஏக்கரில் புல் வெட்டிய கைகள் அவை! வெயிலில் வெட்டிய கைகள்! மழையில் வெட்டிய கைகள்! வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு வெட்டிய கைகள்! அந்தக் கைகளுக்குரியவர் ஒரு நாழிகை புல்மேல் உட்கார்ந்ததில்லையே! யாருக்காக ஐயா இந்தப் பூங்கா? கோட்டுப் போட்ட நான் உலாவவா?

தைக்கு இன்னும் இரண்டே மாதம். மறுபடியும் பாகான் செராய்ப் புல் வர வேண்டும். இயன்றவர் வெள்ளிப் பணம் தாருங்கள். இயலாதவர் ஒரு நாள் உழைப்பைத் தாருங்கள். முன்பு ஒரு முறை தந்தோமே என்று முகம் சுளிக்காதீர்கள். அதைத் தொலைத்தவன் நான், அந்தத் தாய்மாரல்ல.

வேலியோரம் நிற்கும் கருப்பம்மாள் அவர்களே! இத்தனை பேர் நடுவில் கேட்கிறேன், என்னை மன்னித்து இன்னொரு முறை வருவீர்களா? என்ன சொல்கிறீர்கள்? கொஞ்சம் உரக்க, தாயே!

கேட்டீர்களா சபையோரே? "வாரோம்யா! நடணுமா, வெட்டணுமா, அத மட்டும் இப்பவே தெளிவாச் சொல்லிப்புடுங்க" என்கிறார்!

நட வேண்டும் தாயே, நட வேண்டும்! நட்டு முடித்ததும், நாங்களெல்லாம் நின்று பார்க்க, நீங்கள் முதலில் அதன்மேல் உட்கார வேண்டும்!

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் சந்திப்போம், வணக்கம்.