ஹெரன் லேக்ஸ் மழைநீரை அளந்த லொரெய்ன் பாஸ்கின் அவர்களுக்கு

அளந்து பேசி, அளந்ததை மட்டுமே பேசிய அம்மையீர், ஹோல்டன் கவுண்டி மழைநீர் ஆய்வுப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெறும் லொரெய்ன் பாஸ்கின் அவர்களே, வணக்கம்.

மழை பெய்த மறுநாள் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுப்பீர்கள். காப்பி, ஐஸ் பெட்டி, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். ஹெரன் லேக்ஸ் குடியிருப்பின் வடிகால் வாயில் இறங்கி, மழையின்போது தானியங்கிக் கருவி நிரப்பி வைத்த இருபத்து நான்கு புட்டிகளை எடுப்பீர்கள். தேதி எழுதுவீர்கள். சாலையைக் கடந்து பைன் ரிட்ஜுக்குப் போவீர்கள். அங்கும் இருபத்து நான்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை புல்தரைக்கு நைட்ரஜன் உரம் போடக் கூடாது என்று நம் கவுண்டி தடை போட்டது, மழையில் கரையும் உரம் விரிகுடாவில் பாசியைப் பெருக்கி மீன்களைக் கொல்வதால். தடையால் நைட்ரஜன் எவ்வளவு குறைந்தது என்று கணிப்பது உங்கள் பொறுப்பு. பைன் ரிட்ஜ் அடுத்த கவுண்டியில் இருப்பது. அங்கே தடை இல்லை. அதனால் ஒப்பிட அதைத் தேர்ந்தெடுத்தீர்கள். நான்கு கோடைகள் அளந்தோம். இரு பக்கமும் ஒரே அளவு. தடை வீண் என்று பேச்சு எழுந்தது. அதை நீக்க ஆணையர்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்பு உங்களுடன் வந்தவர் எங்களில் ஒருவரான வெஸ்லி. மனைவியை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியின் ஒரு பிடியை அவர் பக்கம் திருப்பினீர்கள். அது போதுமாயிருந்தது என்பதை இங்கே எழுதச் சொன்னார்.

பைன் ரிட்ஜில் புல் வெட்டிக்கொண்டிருந்த வண்டியை அவர் உற்றுப் பார்த்தார். அரை மணி முன்பு ஹெரன் லேக்ஸில் நின்ற அதே வண்டி. நீங்கள் நேரே போய் அதன் சொந்தக்காரர் எலிசியோவைக் கேட்டீர்கள்.

"தடை அந்தப் பக்கம்தானே? இங்க உரம் போடறீங்களா?"

"எங்க போடறது, சென்யோரா? ஒரே வண்டி, அதே ஆளுங்க. எந்தத் தெரு எந்தக் கவுண்டின்னு எவன் ஞாபகம் வெச்சுக்குவான்? ஜூன் வந்தா மூட்டைய எறக்கி வெச்சுருவோம். ரெண்டு பக்கமும்."

"நாலு வருஷமாவா?"

"நீங்க ஒரு நாளும் கேக்கலியே. புட்டிய எடுப்பீங்க, போயிருவீங்க."

அன்று நேரே அலுவலகம் திரும்பினீர்கள். பிறகு அலமாரியிலிருந்து தடைக்கு முந்தைய ஐந்து கோடைகளில் இரு பக்கமும் எடுத்த அளவுத் தாள்களை எடுத்தீர்கள். ஒரே அளவு பெய்த மழைகளாகத் தேடி, தடைக்கு முன் பெய்ததையும் பின் பெய்ததையும் ஜோடி சேர்த்தீர்கள். இரு பக்கமும் நைட்ரஜன் குறைந்திருந்தது. நூற்றுக்கு ஒன்பது.

கூட்டத்தில் எழுந்து, "ஒப்பிட எடுத்த எடம் தப்பு. அத எடுத்தது நான்" என்றுதான் தொடங்கினீர்கள்.

"வெறும் ஒன்பதா?" என்றார் ஆணையர் ஒருவர்.

"ஒன்பதுதான். இன்னும் வேணும்னா நாய் போனத அள்ளச் சொல்லுங்க. அதுலயும் நைட்ரஜன் இருக்கு."

அவை சிரித்தது. நான்குக்கு மூன்று என்ற வாக்கில் தடை நிலைத்தது. தன் பிழையைத் தானே சபையில் வைத்த தலைவரின் கீழ் வேலை செய்தோம் என்பதில் எங்களுக்கு நிறைவு.

உங்கள் முழங்கால் வலி தீரட்டும். அலாரம் அடிக்காத காலைகள் ஆயிரமாயிரம் வரட்டும். விரிகுடாவில் உங்கள் தூண்டிலுக்கு மீன் தவறாமல் கிடைக்கட்டும். இது பிரிவின் பதினொரு பேரும் கையெழுத்திட்டுத் தரும் வாழ்த்து.

நேற்றுக் காலை கடைசியாக வடிகாலுக்குப் போனீர்கள். புட்டிகளை எடுத்தவர் வெஸ்லி. நீங்கள் கரையில் நின்றீர்கள். வண்டிச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"புட்டியத் தொடைச்சுட்டு லேபிள் ஒட்டு, வெஸ்லி. ஈரத்துல நிக்காது."