ஆறாவது சிவப்புத் துணி

விசாரணைக் கேப்டன் அவர்களே, என் பெயர் திமோஃபெய் சவேலியெவிச் தெத்தேரின். வயது முப்பத்தெட்டு. ஊர் ஓம்ஸ்க் பகுதி, தாரா வட்டம். அலாஸ்காவிலிருந்து போர்முனைக்குப் போகும் அமெரிக்கச் சண்டை விமானங்கள் இறங்கி ஏறும் லேனா நதிக்கரை விமானத்தளத்தில் சார்ஜெண்ட் மெக்கானிக்காக இருக்கிறேன்.

கடந்த 21ஆம் தேதி பகலில் ஆறு விமானங்கள் இறங்கின. எங்கள் வேலையில், இஞ்சினை நிறுத்தும் முன் எண்ணெயில் பெட்ரோல் கலப்போம். கலக்காவிட்டால் ஐம்பது டிகிரிக் குளிரில் எண்ணெய் கல்லாகிவிடும். காலையில் இஞ்சினை ஓடவிட்டால் பெட்ரோல் ஆவியாகிவிடும். இரண்டு முறை கலந்தால் எண்ணெய் தண்ணீராகி, பறக்கும்போது இஞ்சின் இறுகிவிடும். ஆகவே கலந்தவன் முன்விசிறியில் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். அன்று கலந்தவன் மெக்கானிக் செம்யோன் ஒஹ்லோப்கவ்.

அதன் பிறகு எங்கள் தளத்து மேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஜெனரல் வராரு. அந்தக் கந்தலையெல்லாம் கழட்டுய்யா. இதென்ன விமானத்தளமா, துணி காயப்போடுற கொடியா?" என்றார். நான் ஓடி ஓடிக் கழற்றி, எண்ணிப் பார்க்காமல் கோட்டுப் பைக்குள் திணித்தேன். ஜெனரல் போன பிறகு திரும்பக் கட்டினேன். ஐந்து விமானங்களுக்குக் கட்டியதும் பை காலியாகிவிட்டது. ஒஹ்லோப்கவ் ஆறாவதற்குக் கலக்காமல் சோம்பலில் விட்டுவிட்டான் என்று முடிவு செய்தேன். அவன் தூங்குமூஞ்சி, அதை இப்போதும் சொல்வேன்.

அவன் இருபதடி தூரத்தில் அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கேட்கவில்லை. சென்ற அக்டோபரில் என் கம்பளிப் பூட்ஸைத் தொலைத்துவிட்டுச் சிரித்தவன் அவன். அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிப்பதே எனக்குப் பிடிக்காது, பேச்சுவார்த்தையும் கிடையாது. ஆகவே நானே ஆறாவது இஞ்சினை ஓட்டி, பெட்ரோல் கலந்து நிறுத்தினேன். அதற்குக் கட்ட வேறு துணி தேடவும் இல்லை.

மறுநாள் காலை லெப்டினண்ட் அர்க்காதி வெலிச்கோ அதில் ஏறி, வழக்கமான நேரம் இஞ்சினைச் சூடாக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "எண்ணெய் அழுத்தம் எறங்குதே, திமோஃபெய்?" என்றார். "குளிருக்கு அப்படித்தாங்க இருக்கும். ஏறிடும், போங்க" என்றேன். அவர் கையசைத்துவிட்டுப் போனார். நதியைத் தாண்டுவதற்குள் இஞ்சின் நின்று, விமானத்தோடு பனிக்கட்டி மேல் விழுந்தார். நான் ஓடிப் போனபோது அவருடைய ஒரு கையுறைதான் முழுசாகக் கிடந்தது.

அதன் பிறகு எங்கள் இருவரையும் பூட்டினீர்கள். ஒஹ்லோப்கவ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா. பூட்ஸுக்காகவா?" என்றான்.

கேப்டன் அவர்களே, ஒஹ்லோப்கவ் வேண்டுமென்றே இஞ்சினைக் கெடுத்த நாசக்காரன் என்று தட்டச்சு செய்த தாளை மூன்று நாளாக என் முன் நீட்டுகிறீர்கள். கையெழுத்துப் போட்டால் எனக்கு விடுதலை, அவனைச் சுவருக்கு முன்னால் நிறுத்திச் சுடுவீர்கள். மேஜரும் அதைத்தான் விரும்புகிறார். துணியைக் கழற்றச் சொன்னது அந்தத் தாளில் இல்லை. நேற்று வரை போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவனை எனக்கு இன்றும் பிடிக்காது.

இன்று காலை குளிர் தாங்காமல் கோட்டுக்குள் கையை விட்டபோது, பையின் கிழிசல் வழியாக உள்துணிக்குள் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். சிவப்புத் துணி. ஒஹ்லோப்கவ் ஆறு கட்டியிருந்தான்; இரண்டாம் முறை கலந்தவன் நான்.

அந்தத் துணியை இத்துடன் மேசை மேல் வைக்கிறேன். தாங்கள் தட்டச்சு செய்த தாளில் கையெழுத்திட மறுக்கிறேன், இந்த வாக்குமூலத்தில் இடுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

(ஒப்பம்) தி. ச. தெத்தேரின்
26 பிப்ரவரி 1944