இடித்த வீட்டின் நிழல்

சாரம் பகுதி ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"அந்த வட்டம் இன்னைக்கும் வந்துச்சிக்கா."

"எந்த வட்டம்?"

"பக்கத்துல பூட்டிக் கெடந்த வூட்டுல ஒரு ஆர்ட்டிஸ்ட் சுவத்த வட்டமா வெட்டிக்கினு இருந்தாரே. அதான் அவரு சிற்பமாம். அந்த ஓட்டை வழியா காலையில எங்க சுவத்துல வட்டமா வெயில் வுழும்."

"அவரு முடிக்கறதுக்குள்ளயே வூட்ட இடிச்சிட்டாங்களே!"

"ஆமாக்கா, மண்ணக்கூட அள்ளிட்டாங்க. அங்க வெறும் வெட்டவெளிதான். எங்க சுவத்துல மட்டும் இன்னும் அந்த வூட்டு நெழலு வுழுது, நடுவுல அந்த வட்டம்."

வரிசை நகர்ந்தது; அவர்கள் நகரவில்லை.

"அந்த வட்டம் நேத்தைவிட இன்னைக்குப் பெருசா இருக்குக்கா."